திறந்த மென்பொருளின் முகப்பு: டெபியன் வலைத்தளம் சீரமைக்கப்பட்ட வரலாறு

ஒரு நிறுவனம் தன் மென்பொருளை விலைக்கு விற்குமாயின் அதற்கு விளம்பரம் உண்டு, விற்பனையாளர் உண்டு, பழுது நேர்ந்தால் வந்து பார்க்கும் ஊழியரும் உண்டு. மூலநிரலையும் உடன் சேர்த்து, விலையின்றி, யாவர்க்கும் பொதுவாக வழங்கப்படும் திறந்த மென்பொருளுக்கு இவற்றுள் ஒன்றும் பெரும்பாலும் இராது. அதனை நாடி வருவோர் முதலில் காண்பது அதன் வலைத்தளத்தையே. அவருள் பலர் இறுதிவரை காண்பதும் அஃதொன்றே. அத்தளத்தில் வேண்டிய பொருள் கண்ணிற்படாவிடின், மென்பொருள் எத்துணைச் சிறப்புடையதாயினும், வந்தவரைப் பொறுத்தவரை அது இல்லாததற்கே ஒப்பாகும்.

இத்தகைய தளங்களைச் சீரமைப்பது வண்ணத்தையும் எழுத்துருவையும் மாற்றும் வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் கடினமான பகுதி வேறிடத்தில் உள்ளது. டெபியன் என்னும் இயங்குதளத்தின் வலைத்தளம் 2011ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் சீரமைக்கப்பட்ட வரலாறு இதனை நன்கு விளக்கும். பள்ளிகளிலும் களப்பணி நிலையங்களிலும் கணிப்பொறிகளைப் பேணுவோர்க்கும், தம் அலுவலகத்தின் வலைப்பக்கங்களைத் திருத்தியமைக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தோர்க்கும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க செய்திகள் பல.

டெபியன் திட்டத்தை 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் இயன் மர்டாக் என்பவர் தொடங்கினார். லினக்ஸ் என்னும் கருவை நடுவாகக் கொண்டு, பல்லாயிரம் மென்பொருட் பொதிகளைத் திரட்டி, ஒன்றோடொன்று முரணாதவாறு இணைத்து வழங்குவது இத்திட்டத்தின் பணி. இதற்கு முதலாளி இல்லை. பல நாடுகளில் வாழும் தொண்டர்கள் தம் ஓய்வு நேரத்தில் இதனை நடத்துகின்றனர். 2004ஆம் ஆண்டில் வெளிவந்த உபுண்டு இதிலிருந்தே கிளைத்தது. இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளத்துக்கும் அடித்தளம் டெபியனே. இத்திட்டத்தினரின் ஆண்டு மாநாடு 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் கொச்சி நகரில் நடைபெற்றது.

பதின்மூன்று ஆண்டுப் பழைய தோற்றம்

டெபியன் வலைத்தளம் ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஒரே தோற்றத்துடன் விளங்கியது. இடப்புறத்தில் இணைப்புகளின் நீண்ட பட்டியல். நடுவில் டெபியன் என்றால் என்ன என்பதை விளக்கும் பத்திகள். அவற்றின் கீழே செய்திகள். 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் டெபியனின் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. அன்றே வலைத்தளமும் புதுத் தோற்றம் பூண்டது. பட்டியல் மேற்புறத்துக்கு ஏறியது, எழுத்துக்கள் தெளிவுபெற்றன, வண்ணங்கள் ஒழுங்குபட்டன. விக்கி முதலிய துணைத்தளங்களும் அத்தோற்றத்தை ஏற்றன. ஆயின் பக்கங்களின் சொற்கள் பெரும்பாலும் பழையனவாகவே இருந்தன.

இதனைக் குறையாகச் சொல்வது முழுவதும் நியாயமாகாது. ஆயிரக்கணக்கான பக்கங்களை உடைய ஒரு தளத்தில் தோற்றத்தையும் உரையையும் ஒருங்கே மாற்றப் புகுந்தால் இரண்டும் முடிவுபெறாமல் நிற்பதே வழக்கம். எனினும் தோற்றம் மாறிய பின்னும், முதன்முறை வருவோரின் இடர் அப்படியே நின்றது.

அவ்விடர் எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். பள்ளி ஒன்றின் ஆசிரியர் இன்டெல் செயலி பொருத்திய கணிப்பொறியில் டெபியனை நிறுவ விரும்புகிறார். பதிவிறக்கப் பட்டியலில் ஏஎம்டி64, ஐ386, ஐஏ64 என்றவாறு குறியீடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஏஎம்டி என்பது இன்டெலின் போட்டி நிறுவனம் என்பதை ஆசிரியர் அறிவார். ஆகவே அதனை விலக்குகிறார். ஐஏ64 என்பதில் உள்ள ‘ஐ’ இன்டெலைக் குறிக்கும் என்று கருதி அக்கோப்பை இறக்கிக்கொள்கிறார். அது அவருடைய கணிப்பொறியில் இயங்காது. ஏனெனில் ஐஏ64 என்பது இட்டானியம் என்னும் தனிவகைச் செயலிக்குரியது. இன்று மேசைகளில் காணும் 64 பிட் செயலிகளின் கட்டளைத் தொகுதியை முதலில் வகுத்தது ஏஎம்டி நிறுவனம். அதன் முதற் செயலி 2003ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு இன்டெலும் அத்தொகுதியை ஏற்றுக்கொண்டது. முன்னோடியின் பெயரைக் குறியீடாக வைத்தது தொழில்நுட்ப நோக்கில் முற்றிலும் சரியே. வகுத்தவருக்கு ஐயமில்லை, வந்தவருக்கோ அக்குறியீடே சுவராயிற்று. இட்டானியம் செயலிக்குரிய பதிப்பை டெபியன் 2015ஆம் ஆண்டு வெளியீட்டிலிருந்து நிறுத்திவிட்டமையால் அந்த ஒரு குழப்பம் மட்டும் தானே தீர்ந்தது.

இங்கு நுண்ணிய ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்த ஆசிரியர் அறியாமையால் தவறவில்லை; தமக்குத் தெரிந்ததை வைத்து முறையாக ஆராய்ந்தே தவறினார். இத்தகைய தவறுகளை எச்சரிக்கைக் குறிப்புகளால் நீக்க இயலாது. பெயரிடும் முறையை வருவோரின் அறிவுக்கேற்ப மாற்றியமைத்தாலன்றி அவை நீங்கா.

2020ஆம் ஆண்டின் முகப்பு

டெபியன் வலைத்தளக் குழுவினர் 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நேரிற் கூடி வேலையைத் தொடங்கினர். 2020 டிசம்பர் 17ஆம் நாள் புதிய முகப்புப் பக்கம் வெளியிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் காலங்கடந்த பக்கங்களை நீக்குவதும் திருத்துவதும் ஒருபுறமும், புதியோரை வரவேற்கும் முகப்பை அமைப்பது மறுபுறமுமாக வேலை நடந்தது. விரும்பியதைவிட நீண்ட காலம் ஆயிற்று என்றும், புதிய முகப்பு முடிவானதன்று, முதற்படியே என்றும் குழுவினர் வெளிப்படையாகவே அறிவித்தனர்.

புதிய முகப்பில் பதிவிறக்கத்துக்கென ஒரு பெரிய பொத்தான் உள்ளது. அதனை அழுத்தினால் வேறு வினா ஏதுமின்றி, பெரும்பாலோர்க்குப் பொருந்தும் ஒரே கோப்புக்கு வழி கிடைக்கிறது. அங்கே அக்கோப்பு 64 பிட் கணிப்பொறிக்குரியது என்பது முதலில் சொல்லப்படுகிறது. ஏஎம்டி64 என்னும் குறியீடு அதன் பின்னரே வருகிறது. மற்ற வகைகள் மறைக்கப்படவில்லை; வேறு பதிவிறக்கங்கள் என்னும் தனி இணைப்பின் கீழ்ச் சென்றன. மேலே கூறிய ஆசிரியரின் இடர் இவ்வளவில் தீர்கிறது. மாற்றம் சிறிது, ஆனால் இதற்கு உடன்படுதல் எளிதன்று. பத்துக்கும் மேற்பட்ட செயலி வகைகளுக்காகத் தொண்டர் பலர் உழைத்திருக்கும்போது ஒன்றை மட்டும் முகப்பில் நிறுத்துவது மற்றவரின் உழைப்பைத் தாழ்த்துவது போலத் தோன்றும். முதலாளி உள்ள நிறுவனத்தில் ஓர் ஆணையால் முடியும் காரியம், தொண்டர் கூட்டத்தில் இணக்கத்தினாலேயே முடிதல் வேண்டும்.

சிறிய பொருள்களைப் பற்றியே விவாதம் நீளுவதும் இக்கூட்டங்களின் இயல்பு. சி. நார்த்கோட் பார்க்கின்சன் என்னும் வரலாற்றுப் பேராசிரியர் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு குழுவை வருணித்தார். அணு உலை அமைக்கும் திட்டத்தை அக்குழு சில நிமிடங்களில் ஏற்றுக்கொள்கிறது. மிதிவண்டிக் கொட்டகையைப் பற்றியோ நெடுநேரம் வாதிடுகிறது. அணு உலை எவர்க்கும் விளங்கவில்லை; கொட்டகை எல்லோர்க்கும் விளங்குகிறது. பால்-ஹென்னிங் காம்ப் என்னும் மென்பொருளாளர் 1999ஆம் ஆண்டில் ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தினருக்கு இவ்வருணனையை நினைவூட்டி எழுதினார். அன்றுமுதல் மிதிவண்டிக் கொட்டகை என்பது மென்பொருள் உலகில் வழக்குச் சொல்லாகிவிட்டது. வலைத்தளச் சீரமைப்பில் கொட்டகைக்குரிய இடத்தைப் பெறுவது நிறம். பழைய இணைப்புகள் என்னவாகும், மொழிபெயர்ப்புகள் என்னவாகும் என்னும் வினாக்கள் அணு உலையின் இடத்தில் நின்று, பேசப்படாமலே கடந்துபோகின்றன.

பக்கம் உருவாகும் முறை

டெபியன் தளத்தின் பக்கங்களை எவரும் முழு உருவில் எழுதுவதில்லை. உரை ஒரு கோப்பில் இருக்கும். தலைப்பட்டை, அடிக்குறிப்பு, வண்ணம் முதலியவற்றைத் தரும் வார்ப்புகள் வேறு கோப்புகளில் இருக்கும். டபிள்யூ.எம்.எல். என்னும் கருவி இரண்டையும் இணைத்து, முடிந்த பக்கங்களாக ஆக்கி வைக்கும். இவ்வேலை நாளொன்றுக்குப் பலமுறை தானாக நிகழ்கிறது. அச்சகத்தில் கைப்பிரதி வேறு, பக்க அமைப்பு வேறு என்று பிரித்து வைப்பதைப் போன்றது இது. தோற்றத்தை மாற்ற வேண்டின் வார்ப்பை மாற்றினாற் போதும். ஆயிரம் உரைக் கோப்புகளைத் தொட வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டில் ஒரே நாளில் தளம் முழுதும் உடை மாற்றிக்கொள்ள முடிந்தது இதனாலேயே.

முடிந்த பக்கங்களை முன்னரே ஆக்கி வைப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. பார்வையாளர் வரும்போதெல்லாம் சர்வரில் ஒரு நிரல் ஓடிப் பக்கத்தைப் புனையும் தளங்களில், அந்நிரலில் உள்ள ஓட்டை வழியே அயலார் நுழைதல் கூடும். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் லினக்ஸ் மின்ட் என்னும் மற்றோர் இயங்குதளத்தின் வலைத்தளத்துக்கு இத்தீங்கு நேர்ந்தது. அத்தளம் வேர்ட்பிரஸ் என்னும் நிரலால் நடத்தப்பட்டது. அதனுள் புகுந்தோர் பதிவிறக்க இணைப்பை மட்டும் மாற்றி, பின்கதவு வைத்த போலிக் கோப்பு ஒன்றை நோக்கித் திருப்பிவிட்டனர். அன்று அவ்விணைப்பை அழுத்தியவர் மெய்யான தளத்திலிருந்தே போலிப் பொருளைப் பெற்றார். மென்பொருளில் பிழை ஒன்றும் இல்லை. அதன் வாயிலே களவுபோயிற்று.

இதனாலேயே பதிவிறக்கப் பக்கத்தில் கோப்போடு அதன் சரிபார்ப்பு எண்ணையும், அவ்வெண்ணுக்குரிய மின்னொப்பத்தையும் சேர்த்துத் தருகின்றனர். இறக்கிய கோப்பிலிருந்து கணக்கிட்ட எண்ணும் பக்கத்தில் உள்ள எண்ணும் ஒன்றாயிருந்தால் கோப்பு வழியிற் சிதையவில்லை என்று அறியலாம். பக்கத்தையே மாற்றியவன் எண்ணையும் மாற்றியிருக்கக் கூடுமாதலின், ஐயம் அறவே நீங்க மின்னொப்பத்தையும் சரிபார்த்தல் வேண்டும். களப்பணியாளர் ஒரே கோப்பைப் பல பள்ளிகளுக்கு எடுத்துச் செல்லும்போது முதற்பிரதியை ஒருமுறையேனும் இவ்வாறு சோதித்துக்கொள்வது கடமை. ஒரு பிரதியின் தீங்கு அவர் செல்லும் ஊர்களுக்கெல்லாம் உடன் செல்லும்.

மொழிபெயர்ப்புகளின் காலக்கணக்கு

டெபியன் தளம் பல மொழிகளில் உள்ளது. தமிழுக்கும் அதன் கோப்புத் தொகுதியில் ஓர் இடம் உண்டு. பார்வையாளரின் உலாவி பக்கத்தைக் கேட்கும்போது தான் விரும்பும் மொழிகளின் வரிசையையும் உடன் அனுப்புகிறது. சர்வர் அவ்வரிசையைப் பார்த்து, இருப்பவற்றுள் முன்னிற்கும் மொழியின் பக்கத்தைத் தருகிறது. ஒரே முகவரியை ஜெர்மானியர் திறந்தால் ஜெர்மன் பக்கமும் ஜப்பானியர் திறந்தால் ஜப்பானியப் பக்கமும் தோன்றும். ஏற்பாடு அழகியது. ஆயினும் அலுவலகக் கணிப்பொறிகளில் உலாவியின் மொழி ஆங்கிலமாகவே விடப்பட்டிருப்பதால், தம் மொழியில் பக்கம் இருப்பதை அறியாமலே பலர் ஆங்கிலத்தைப் படித்துச் செல்வர். ஒருவர் தொலைபேசியில் மூன்றாம் பத்தியைப் பாருங்கள் என்று சொல்லும்போது மறுமுனையில் இருப்பவர் வேறு மொழியில் வேறு பத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அப்பக்கம் கிடைக்கும் மொழிகள் அனைத்தும் அவ்வம் மொழியின் பெயராலேயே வரிசையாகத் தரப்படுகின்றன. தமிழ் என்பதைத் ‘தமிழ்’ என்று எழுதினால்தான் தமிழ் தேடுவோர் கண்ணிற்படும் என்பது எளிய உண்மை. பல தளங்கள் இதனை மறந்துவிடுகின்றன.

மொழிபெயர்ப்பின் பெரிய இடர் மொழிபெயர்ப்பது அன்று. மூலம் மாறிய பின் மொழிபெயர்ப்பு மாறாமல் நிற்பதே. வேளாண்மைத் துறையினர் இதனை நன்கறிவர். எண்டோசல்ஃபான் என்னும் பூச்சிமருந்தை 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் தடைசெய்தது. அதற்கு முன் மொழிபெயர்க்கப்பட்ட கையேடு ஒன்று அம்மருந்தைப் பரிந்துரைத்திருக்குமாயின், மூல நூல் திருத்தப்பட்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் மொழிபெயர்ப்பு அதையே சொல்லிக்கொண்டிருக்கும். படிப்பவருக்கு அது பழையது என்பதற்கு அடையாளம் ஒன்றும் இராது. நடை செம்மையாயிருப்பின் ஐயமே எழாது. ஆங்கிலம் அறிந்தவருக்குத் திருந்திய செய்தியும், அறியாதவருக்குக் காலங்கடந்த செய்தியும் கிடைக்கும் இந்நிலை, மொழிபெயர்ப்பே இல்லாத நிலையினும் தீயது என்று சொன்னாலும் மிகையாகாது.

டெபியன் தளத்தில் இதற்கு ஒரு மாற்று வகுத்தனர். மூலக் கோப்பு ஒவ்வொன்றும் திருத்தப்படும்போதெல்லாம் அதற்கொரு திருத்த எண் ஏறும். மொழிபெயர்ப்பாளர் தம் கோப்பின் தொடக்கத்தில், தாம் எந்தத் திருத்த எண்ணுடைய மூலத்தைப் பார்த்து மொழிபெயர்த்தார் என்பதை ஒரு வரியில் குறித்துவைக்க வேண்டும். பக்கங்களை ஆக்கும் கருவி இரு எண்களையும் ஒப்பிடும். மூலம் பல திருத்தங்கள் முன்னேறிவிட்டதாயின், மொழிபெயர்த்த பக்கத்தின் மேலேயே ‘இம்மொழிபெயர்ப்பு காலங்கடந்தது, மூலத்தைப் பார்க்கவும்’ என்னும் பொருள்பட ஓர் அறிவிப்புத் தானாகத் தோன்றும். எந்தப் பக்கம் எத்தனை திருத்தம் பின்தங்கியுள்ளது என்னும் பட்டியலும் மொழிவாரியாக ஆக்கப்படுகிறது. ஒரே ஒரு வரிதான். ஆனால் அதன்பின் எந்த மொழிபெயர்ப்பும் தன் வயதை மறைக்க இயலாது.

2018ஆம் ஆண்டில் தளத்தின் கோப்புகள் சி.வி.எஸ். என்னும் பழைய பதிவுமுறையிலிருந்து கிட் என்னும் புதிய முறைக்கு மாற்றப்பட்டன. முன்னதில் ஒவ்வொரு கோப்புக்கும் 1.12, 1.13 என்றவாறு தனித்தனி எண் உண்டு. பின்னதில் அவ்வகை எண்ணே இல்லை. தொகுதி முழுவதன் நிலையைக் குறிக்கும் நீண்ட குறியீடு மட்டுமே உண்டு. மாற்றத்தைக் கவனமின்றிச் செய்திருப்பின் எல்லா மொழிகளிலும் உள்ள காலக்கணக்கு வரிகள் ஒரே நாளில் பொருளிழந்திருக்கும். எந்த மொழிபெயர்ப்பு புதியது, எது பழையது என்பதை ஒவ்வொன்றாகப் படித்தே அறிய வேண்டியிருக்கும். ஆகவே பழைய எண் ஒவ்வொன்றுக்கும் நேரான புதிய குறியீட்டைக் கண்டு கோப்புகளில் இட்டனர். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அன்று தளத்தில் எதுவும் மாறவில்லை. இத்தகைய வேலைக்குப் பாராட்டு கிடைப்பது அரிது.

மாறான நிகழ்ச்சி ஒன்றையும் ஒப்பிடலாம். ரஸ்ட் என்னும் நிரல்மொழியின் வலைத்தளம் 2018ஆம் ஆண்டு டிசம்பரில் முற்றிலும் புதிதாக்கப்பட்டது. பழைய தளம் பல மொழிகளில் இருந்தது; புதிய தளம் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. மொழிபெயர்ப்புக்கான ஏற்பாடு பின்னரே சேர்க்கப்பட்டது. பழைய முகப்பில் இருந்த மாதிரி நிரல் புதியதில் இல்லை என்பதும் பலருக்கு மனக்குறையாயிற்று. ஒரு மொழியை அறிய வந்தவர் அம்மொழியில் ஒரு வரியைக் காண விரும்புவது இயல்பே அன்றோ? எனினும் பழைய தளத்தை அழித்துவிடாமல் தனி முகவரியில் நிறுத்திவைத்தது நற்செயல். காலவரை குறித்து வேலை செய்வோர் முதலில் கைவிடுவது மொழிபெயர்ப்புகளையே. அவற்றை இழப்போர் ஆங்கிலத்தில் நடக்கும் விவாதத்துக்கு வருவதில்லையாதலால், இழப்பின் அளவும் விவாதத்தில் தென்படுவதில்லை.

பழைய முகவரிகள்

வலையை ஆக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998ஆம் ஆண்டிலேயே நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று வற்புறுத்தி எழுதினார். அச்சான பாடநூலிலும், கரும்பலகையருகே ஒட்டிய தாளிலும், மாணவரின் குறிப்பேட்டிலும் உள்ள முகவரியைச் சீரமைப்புக் குழுவினர் சென்று திருத்த இயலாது. பக்கம் இடம் மாறினால், பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடும் குறிப்பைச் சர்வரில் எழுதிவைத்தல் வேண்டும். தபால் நிலையத்தில் முகவரி மாற்றத்தைச் சொல்லிவைப்பதைப் போன்றது அது. வேலையைத் தொடங்குமுன் இருக்கும் முகவரிகளின் பட்டியலை எடுத்துவைத்து, முடிந்தபின் ஒவ்வொன்றும் எங்கே செல்கிறது என்று சோதித்தாற் போதுமானது. பட்டியலை முன்னரே எடுக்கத் தவறினால் பின்னர் அதனை ஆக்க வழியில்லை.

ஐவரைக் கொண்டு சோதித்தல்

தளம் எளிதா என்பதை அதனை ஆக்கியவர் தாமே தீர்மானிக்க இயலாது. அவருக்கு ஒவ்வொரு பொருளும் இருக்குமிடம் மனப்பாடம். யாக்கோப் நீல்சன் என்னும் அறிஞர் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே தளத்தின் பெருங்குறைகளுள் பெரும்பாலானவை வெளிப்படும் என்று காட்டினார். பெருந்தொகையினரை ஒருமுறை சோதிப்பதினும், ஐவரைச் சோதித்துத் திருத்தி, மீண்டும் வேறு ஐவரைச் சோதிப்பது பயன்தரும் என்பது அவர் கருத்து.

இதனை எந்தப் பள்ளியிலும் செய்யலாம். கருவி ஒன்றும் வேண்டா. தளத்தை முன்பு பார்த்திராத ஒருவரைக் கணிப்பொறியின் முன் அமர்த்தி, ஒரு பணியைச் சொல்ல வேண்டும். ‘பதிவிறக்கப் பொத்தானை அழுத்துக’ என்பது பணியன்று. அது விடையையே சொல்லிவிடுகிறது. ‘இந்தக் கணிப்பொறியில் நிறுவுவதற்குரிய கோப்பைப் பெறுக’ என்பதே பணி. அவர் தாம் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். சோதிப்பவர் அருகிலிருந்து, எங்கே தயங்கினார், எதனை முதலில் அழுத்தினார், எந்தச் சொல்லை இருமுறை படித்தார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். உதவி செய்தலாகாது. ஆசிரியர்க்கு இது மிகக் கடினம். மாணவர் தடுமாறும்போது வாய் திறவாமல் இருப்பது அவர் பழக்கத்துக்கு மாறானது. சோதிக்கப்படுவது தளமே, நீர் அல்லீர் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அமர்ந்தவரின் கூச்சம் ஓரளவு நீங்கும்.

ஐவருள் ஒருவரேனும் பார்வைக் குறைவுடையவராயிருத்தல் நன்று. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கொண்டு படிப்பவர்க்குப் படத்தில் வரைந்த எழுத்து தென்படாது. படத்துக்குரிய மாற்றுரையை எழுதிவைத்தாலன்றி அது வெற்றிடமே. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு, வழக்கமான அளவுள்ள எழுத்தாயின், 4.5க்கு 1 என்னும் விகிதத்துக்குக் குறையலாகாது என்பது உலக வலைச் சேர்த்தியத்தின் விதி. வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்க்கும் களப்பணியாளருக்கும் இவ்விதி பயன்படுகிறது.

தளம் மட்டும் தீர்க்க முடியாதது

இவ்வளவு செய்தும் தீராத ஓர் இடர் டெபியனுக்கு நெடுங்காலம் இருந்தது. மடிக்கணிப்பொறிகளின் கம்பியில்லா இணைப்புக் கருவிகள் பலவும் ஃபர்ம்வேர் எனப்படும் உள்நிரலை ஏற்றினாலன்றி இயங்கா. அவ்வுள்நிரல்களின் மூலநிரலை உற்பத்தியாளர் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. திறந்த மென்பொருளையே வழங்குவதென்று டெபியன் தன் சமூக ஒப்பந்தத்தில் உறுதி கூறியிருந்தமையால், அதன் அதிகாரபூர்வமான நிறுவற் கோப்பில் அவை சேர்க்கப்படவில்லை. விளைவு யாதெனில், வலைவழியாக மீதிப் பொதிகளை இறக்கிக்கொள்ள வேண்டிய நிறுவல், வலைக்கருவியே இயங்காமல் நடுவில் நின்றது. அருகில் கம்பி இணைப்பு இல்லாத சிற்றூர்ப் பள்ளியில் இது முற்றுப்புள்ளியாகவே முடிந்திருக்கும்.

உள்நிரல்களையும் சேர்த்த மற்றொரு கோப்பைத் திட்டத்தினரே ஆக்கி வைத்திருந்தனர். ஆனால் அஃது அதிகாரபூர்வமற்றது என்னும் பெயருடன், எளிதிற் காணமுடியாத வேறோர் அடைவில் இருந்தது. பெரும்பாலோர்க்குத் தேவையான கோப்பைப் பெரும்பாலோர் காணாத இடத்தில் வைத்திருந்தது வலைத்தளக் குழுவின் பிழையன்று, கொள்கை அவ்வாறிருந்தது. கொள்கை மறுக்கும் பொருளை முகப்பில் வைக்க எந்த வடிவமைப்பாளராலும் ஆகாது.

2022ஆம் ஆண்டில் இப்பொருள் டெபியன் உறுப்பினரின் பொது வாக்கெடுப்புக்கு வந்தது. கொள்கையை விட்டுக்கொடுக்கலாகாது என்றவரும், பயன்படுத்த முடியாத நிறுவற் கோப்பால் எவருடைய உரிமையும் வளரவில்லை என்றவரும் தத்தம் காரணங்களை விரிவாக எடுத்துரைத்தனர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அக்டோபர் மாதத் தொடக்கத்தில் வாக்கெடுப்பு முடிந்தது. சமூக ஒப்பந்தத்தைத் திருத்தி, உள்நிரல்களையும் கொண்ட ஒரே நிறுவற் கோப்பை வழங்குவதென்ற முடிவு, அத்தகைய திருத்தத்துக்கு வேண்டிய மிகைப் பெரும்பான்மையுடன் நிறைவேறியது. 2023ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. உள்நிரல்களுக்கெனக் களஞ்சியத்தில் தனிப் பிரிவு ஒன்றும் வகுக்கப்பட்டது. அவற்றை விரும்பாதவர் நிறுவலின்போதே விலக்கிக்கொள்ளவும் வழி வைக்கப்பட்டது.

முகப்புப் பக்கத்தின் பொத்தான் அதே இடத்தில்தான் இருந்தது. அதன் பின்னிருந்த கோப்பு மட்டும் மாறியது.